முதல் ரோபோவுக்குக் கேமரா முதலிலா, சக்கரம் முதலிலா?

வாசகர் கேள்வி: 2023 ஜூன் 4, காலை 10.15

வீட்டிலேயே ஒரு சிறிய ரோபோ செய்ய ஆசை. வணிகவியல் படித்தவன். மின்னணுவியல் தெரியாது, ஆனால் பைத்தான் மொழியில் நிரல் நன்றாக எழுதுவேன். கூடத்திலிருந்து சமையலறை வரை தானாகப் போய்த் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியும் ஒரு நல்ல கேமராவும் வாங்கிவிட்டால் மீதி எல்லாம் மென்பொருள்தான் என்று நினைக்கிறேன். மோட்டார், சக்கரமெல்லாம் மலிவாகக் கிடைப்பதை மாட்டிக்கொள்ளலாம் அல்லவா?

என் விடை: ஜூன் 4, பகல் 1.30

கேமராவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கையில் இருக்கும் பணத்தையும் பொறுமையையும் சக்கரத்துக்கும் பேட்டரிக்கும் முதலில் செலவிடுங்கள்.

ஒரு சோதனை சொல்கிறேன். கூடத்தில் சாக்பீஸால் 3 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள். அதன் தொடக்கத்தில் வண்டியை வைத்து, இரண்டு மோட்டாருக்கும் ஒரே அளவு மின்சாரம் கொடுத்துவிடுங்கள். கோட்டின் மறுமுனைக்கு வந்து சேருகிறதா என்று பாருங்கள். சேராது. ஒரே பெட்டியில் வந்த இரண்டு மோட்டார்கள்கூட ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. பிரஷ் (மோட்டாருக்குள் சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் தொடுமுனை) அழுத்தம், பல்சக்கர உராய்வு, டயரின் பருமன் எல்லாவற்றிலும் சிறு வேறுபாடு இருக்கும்.

அந்தச் சிறு வேறுபாடு எங்கே கொண்டுபோய் விடும் என்று கணக்குப் போடுங்கள், உங்களுக்குப் பிடித்த துறைதான். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 14 செ.மீ. அவற்றில் ஒன்று மற்றதைவிட 1 சதவீதம் அதிக தூரம் உருள்கிறது. 3 மீட்டர் முடியும்போது அது 3 செ.மீ. முந்தியிருக்கும். வண்டியின் முகம் ஏறக்குறைய 12 பாகை திரும்பியிருக்கும். கோட்டைவிட்டு 30 செ.மீ.க்கு மேல் விலகியிருக்கும். சமையலறைக் கதவின் நிலையில் போய் முட்டுவதற்கு இது போதும்.

ஜூன் 4, இரவு 9.40

என்ன வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் பல்சக்கரங்களோடு வரும் மோட்டார் ஒரு சோடி. அதன் பல் விகிதம் 1:48. 3 முதல் 6 வோல்ட் வரை தாங்கும், 6 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 சுற்று. அதோடு 65 மி.மீ. ரப்பர் சக்கரம் இரண்டு, எந்தப் பக்கமும் தானே திரும்பிச் சும்மா உருளும் காஸ்டர் சக்கரம் ஒன்று. சென்னைப் பக்கம் இருந்தால் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு சுற்றுச் சுற்றினால் எல்லாம் கிடைத்துவிடும். நான் கோவையில் இருக்கிறேன். சென்னைக்குப் போனால் உறவினர் வீட்டுக்கு முன்னால் அந்தத் தெருவுக்குத்தான் போவேன்.

மூளைக்கு ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை போதும். 16 மெகாஹெர்ட்ஸ் வேகம், 2 கிலோபைட் நினைவகம். கேட்கும்போது அற்பமாகத் தோன்றும். இரண்டு சக்கரமும் ஒரு தூரம் அளக்கும் சென்சாரும் உள்ள வண்டிக்கு அது தாராளம். உங்கள் பைத்தான் இங்கே உதவாது, சி மொழி எழுத வேண்டும். பயப்படாதீர்கள், முதல் நிரல் இருபது வரிதான் இருக்கும்.

அடித்தளத்துக்கு 3 மி.மீ. பிளைவுட் வெட்டிக்கொள்ளுங்கள். அக்ரிலிக் தகடு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் துளை போடும்போது விரிசல் விடும். விரிசல் விட்ட தகட்டில் இறுக்கிய மோட்டார் தள்ளாடும், தள்ளாடும் சக்கரம் நேராகப் போகாது.

ஜூன் 6, காலை 7.05

9 வோல்ட் செவ்வகப் பேட்டரி வேண்டாம்! இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். தொடக்கக்காரர்களின் படங்களில் எல்லாம் அதுதான் தெரிகிறது, அதனால் எல்லோரும் அதையே வாங்குகிறார்கள். புகை எச்சரிக்கைக் கருவிக்காகவும் மல்டிமீட்டருக்காகவும் பிறந்த பேட்டரி அது. மெல்லிய மின்னோட்டத்தை நெடுநாள் கொடுக்கும். மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் கணத்தில் ஓர் ஆம்பியரை ஒட்டி இழுக்கும். அந்தக் கணத்தில் பேட்டரியின் வோல்ட் சரியும், கட்டுப்பாட்டுப் பலகை அணைந்து மறுபடி தொடங்கும், நிரல் முதல் வரியிலிருந்து ஓடும், மோட்டார் மறுபடி கிளம்பும், வோல்ட் மறுபடி சரியும். வண்டி வலிப்பு வந்ததுபோல் வெட்டி வெட்டி இழுக்கும். நிரலில் பிழை என்று நினைத்து இரவெல்லாம் வரி வரியாகத் தேடுவீர்கள்.

18650 லித்தியம் செல்கள் இரண்டைத் தொடராக இணையுங்கள். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், எண்ணின் பொருள் அவ்வளவுதான். ஒவ்வொன்றும் 3.7 வோல்ட், முழுதாக ஏறினால் 4.2. உறையில் கொள்ளளவு 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தால் தொடாதீர்கள். நல்ல தயாரிப்பே 3,500-ஐ ஒட்டித்தான் நிற்கும். பாதுகாப்புச் சுற்று உள்ள செல்லாகப் பாருங்கள். லித்தியத்துக்கென்று செய்த சார்ஜரில் மட்டும் ஏற்றுங்கள், ஏற்றிவிட்டு வெளியே போகாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு விளையாட்டு கிடையாது.

ஜூன் 6, இரவு 10.20

"7.4 வோல்ட் கொடுத்தால் 6 வோல்ட் மோட்டார் கருகாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. விடை மோட்டாரை இயக்கும் சில்லில் (சிப்) இருக்கிறது. பலரும் வாங்கும் எல்298 பழைய வகை இருமுனை டிரான்சிஸ்டர்களால் ஆனது. தன் வழியாகப் போகும் மின்சாரத்தில் ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தானே வெப்பமாகத் தின்றுவிடும். அதன் முதுகில் அவ்வளவு பெரிய அலுமினியத் துடுப்பு எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். 7.4 கொடுத்தால் மோட்டாருக்கு 5.4 போகும். கருகாது.

ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பேட்டரியில் காசு கொடுத்து ஏற்றிய ஆற்றலில் கால் பங்குக்கு மேல் துடுப்பைச் சூடாக்கவே போகிறது. டிபி6612 என்ற சிறிய சில் இருக்கிறது. மாஸ்பெட் என்ற புதுவகை டிரான்சிஸ்டர்களால் ஆனது. ஒரு மோட்டாருக்கு 1.2 ஆம்பியர் வரை தொடர்ந்து தாங்கும், இழப்பு மிகக் குறைவு. அதை வைத்தால் வோல்ட் ஏறக்குறைய முழுதாகவே மோட்டாருக்குப் போகும், ஆகவே மின்சாரத்தை விட்டு விட்டுத் துடிப்பாக அனுப்பி, துடிப்பின் அகலத்தை நிரலில் முக்கால் அளவுக்குக் கட்டுப்படுத்துங்கள். மோட்டார் பிழைக்கும், பேட்டரியும் நீடிக்கும்.

ஜூன் 11, மாலை 5.00

இந்த இழையைத் தொடங்கிய நண்பர் வண்டியைக் கட்டிவிட்டார். படமும் அனுப்பியிருக்கிறார். பிளைவுட் வெட்ட வசதியில்லாமல் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவையே அடித்தளமாக்கியிருக்கிறார். படத்தைப் பார்த்ததும் பிளைவுட் பற்றி நான் சொன்னதைத் திருத்திக்கொள்ளத் தோன்றுகிறது. டப்பாவின் பக்கச் சுவர்கள் அடிப்பகுதி வளையாமல் பிடித்துக்கொள்கின்றன. கம்பிகள் உள்ளே அடங்கிவிடுகின்றன. அடிப்பகுதி தடிமனாக இருக்கும்வரை இது பிளைவுட்டைவிட நல்ல ஏற்பாடு.

ஆனால் பேட்டரி முன்னால், காஸ்டருக்கு நேர் மேலே இருக்கிறது. அதை நகர்த்துங்கள். காரணத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தெருமுனையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் அண்ணன். என் வண்டி தரையில் சறுக்குவதைப் பார்த்துவிட்டு, ரோபோவைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், "பாரம் எந்தச் சக்கரத்துமேல இருக்கோ அதுதான் தரையப் பிடிக்கும், நீ பாரத்தக் கொண்டுபோய் சும்மா உருள்ற சக்கரத்துக்குக் கொடுத்திருக்க" என்றார். பேட்டரியை இரண்டு சக்கரங்களின் அச்சுக்கு மேலே, காஸ்டர் பக்கம் சற்றே தள்ளி வைத்தேன். சறுக்கல் நின்றது. எந்தச் சென்சாரும் நிரலும் அதைச் சரிசெய்திருக்காது. டிராக்டரின் பின்சக்கரங்கள் ஏன் அவ்வளவு பாரமாக இருக்கின்றன என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஜூன் 11, இரவு 8.15

மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே 104 என்று எழுதிய சிறு செராமிக் மின்தேக்கி ஒன்றைச் சால்டர் செய்துவிடுங்கள். 0.1 மைக்ரோபாரட். பிரஷ் பொறி கிளப்பும் இரைச்சல் சென்சார் கம்பிகளுக்குப் பரவாது.

ஜூன் 14, இரவு 11.10

"நேராகப் போக வைப்பது எப்படி?" இதற்குத்தான் காத்திருந்தேன்.

சக்கரத்தின் அச்சில் 20 துளைகள் கொண்ட ஒரு வட்டத் தகடு மாட்டுவார்கள், என்கோடர் தகடு. அதன் இருபுறமும் ஓர் அகச்சிவப்பு விளக்கும் அதைப் பார்க்கும் கண்ணும். துளை கடக்கும்போதெல்லாம் ஒரு துடிப்பு. 65 மி.மீ. சக்கரம் ஒரு முறை சுற்றினால் 204 மி.மீ. நகரும். ஆகவே ஒரு துடிப்பு ஏறக்குறைய 1 செ.மீ.

இங்கே பெரும்பாலானவர்கள் இரண்டு சக்கரங்களின் வேகத்தை அளந்து சமன் செய்யப் பார்க்கிறார்கள். 20 துளையை வைத்துக்கொண்டு அது சிரமம். மோட்டார் முழு வேகத்தில் சுற்றினாலும் நொடிக்கு 67 துடிப்பைத் தாண்டாது. இருபதில் ஒரு பங்கு நொடிக்கு ஒரு முறை பார்த்தால் 3 துடிப்பு இருக்கும், அல்லது 4. மூன்றா நான்கா என்ற குழப்பமே 30 சதவீதப் பிழை. வண்டி குடித்தவன்போல் நடக்கும். அதனால் வேகத்தை விட்டுவிடுங்கள். கிளம்பியதிலிருந்து இடப்பக்கம் எத்தனை, வலப்பக்கம் எத்தனை என்று மொத்தத்தை மட்டும் ஒப்பிடுங்கள். இடது 150, வலது 147 என்றால் இடதைக் கொஞ்சம் தணித்து வலதைக் கொஞ்சம் ஏற்றுங்கள். வித்தியாசம் பெரிதானால் திருத்தமும் அதே விகிதத்தில் பெரிதாகட்டும். ஒரு கணம் பிந்திய சக்கரம் அடுத்த கணங்களில் அந்தக் கடனை அடைத்தே ஆக வேண்டும். பேரேடு எழுதுபவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வண்டி முதன்முதலாகத் தன்னைத் தானே திருத்திக்கொண்டு கோட்டின்மேல் போவதைப் பார்க்கும்போது உண்டாகும் மகிழ்ச்சியை எந்தக் கேமராவும் கொடுக்காது. பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 18, காலை 9.30

தூரம் அளக்கும் சென்சார் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். எல்லோரிடமும் இருப்பது அந்த இரண்டு கண் மீயொலிச் சென்சார், எச்சி-எஸ்ஆர்04. 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி எதிரொலி வரும் நேரத்தைச் சொல்லும். மைக்ரோநொடியில் வரும் அந்த நேரத்தை 58-ஆல் வகுத்தால் செ.மீ. வரும் என்று எல்லா வழிகாட்டியிலும் எழுதியிருக்கும். அந்த 58 ஏறக்குறைய 20 பாகை செல்சியஸ் அறைக்கானது. ஒலி வெப்பத்தில் வேகமாகப் போகும். 20 பாகையில் நொடிக்கு 343 மீட்டர், 35 பாகையில் 352. நம் ஊர் மே மாதத்தில் சுவர் 100 செ.மீ. தள்ளியிருந்தால் சென்சார் 98 என்று சொல்லும். முட்டாமல் திரும்புவதற்கு இது பொருட்டே இல்லை. சுவரிலிருந்து ஒரே தூரத்தில் ஒட்டிப்போக நினைத்தால் 58-ஐ 57-ஆக மாற்றிக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் துணி. என் பாட்டி வண்டி வரும் வழியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, தன்னைச் சுற்றிக்கொண்டு போகிறதா என்று பார்த்தார். எவர்சில்வர் குடத்தைக் கண்டால் அரை மீட்டருக்கு முன்பே திரும்பும் வண்டி, பாட்டியின் நூல் சேலையை நோக்கி நேராகப் போய் முட்டியது. பாட்டிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் மெல்லிய துணி ஒலியை விழுங்கிவிடுகிறது, திரும்பி வருவது சென்சாருக்குக் கேட்பதில்லை. திரைச்சீலையும் அப்படியே. சாய்வாக அணுகும் சுவரும் ஒலியை வேறு பக்கம் தள்ளிவிடும்.

அதனால் முட்டினால் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு கட்டாயம் வேண்டும். முன்பக்கம் நீண்ட நாக்கு உள்ள மைக்ரோ சுவிட்ச் இரண்டு, அவற்றை இணைத்து ஒரு வளைந்த பட்டை.

ஜூன் 18, பகல் 12.45

முட்டும் சுவிட்ச் "பழங்கால முறை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பழங்காலம்தான், பெருமையாகவே சொல்கிறேன்.

1948-49இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வில்லியம் கிரே வால்டர் என்ற மூளை ஆய்வாளர் இரண்டு ஆமைகளைக் கட்டினார். எல்மர், எல்சி என்று பெயர். மூன்று சக்கரம், இரண்டு வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய வெற்றிடக் குழாய்), ஒரு ஒளிச் சென்சார். முன்சக்கரம்தான் ஓட்டவும் செய்யும், திருப்பவும் செய்யும். ஒளிச் சென்சார் அந்தச் சக்கரத்தோடு சேர்ந்து சுழன்றுகொண்டே இருக்கும். ஆகவே ஆமை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் போகும். மேலே தொங்கும் ஓடு எதிலாவது இடித்தால் ஒரு தொடுமுனை மூடிக்கொள்ளும். உடனே ஆமை தள்ளித் தள்ளித் திரும்பி வழி தேடும். நான் சொன்ன முட்டும் சுவிட்ச்தான் அது. மங்கிய ஒளியை நாடும், கூசும் ஒளியை விட்டு விலகும். பேட்டரி இறங்கினால் கூசும் ஒளியும் அதற்கு ஈர்ப்பாகிவிடும். அந்த விளக்கு எரியும் கூண்டுக்குள் தானே போய் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும்.

டிரான்சிஸ்டர் கடைக்கு வராத காலம். நிரல் என்று ஒரு வரி கிடையாது. ஆனாலும் அவை தயங்குவதும் தேடுவதும் உயிருள்ளதுபோல் பார்ப்பவர்களுக்குத் தெரிந்தது. 1951இல் லண்டனில் நடந்த பிரிட்டன் திருவிழாவில் பின்னர் செய்த ஆமைகளை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். நண்பரே, நீங்கள் முதல் நாள் கேட்ட கேள்விக்கு என் நீண்ட விடை இந்த ஆமைகள்தான். கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகத் தேவையான அறிவு அவ்வளவு குறைவு. தேவையான சக்கரமும் பேட்டரியும் உடலும் அவ்வளவு அதிகம்.

ஜூன் 20, இரவு 10.00

ஊனோவுக்குப் பதில் ஈஎஸ்பி32 போடலாமா என்று கேட்டவருக்கு: முதலில் வேண்டாம் என்றே எழுத உட்கார்ந்தேன். அது 3.3 வோல்ட் பலகை. மீயொலிச் சென்சார் 5 வோல்ட்டில் விடை சொல்லும், நேராக இணைத்தால் பலகைக்கு ஆபத்து, இரண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்ட்டைக் குறைக்க வேண்டும். தொடக்கக்காரருக்கு இது ஒரு கூடுதல் தொல்லை.

பிறகு யோசித்தேன். ஊனோவில் ஓடும் வண்டியின் துடிப்பு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டுமானால் யுஎஸ்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு வண்டியின் பின்னாலேயே குனிந்து நடக்க வேண்டும். கம்பி இழுப்பதாலேயே வண்டி வழி மாறும். ஈஎஸ்பி32-இல் வைஃபை இருக்கிறது. வண்டி ஓடும்போதே இடது வலது எண்கள் கைப்பேசித் திரையில் வந்துகொண்டிருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்ப்பதற்கு இரண்டு ரெசிஸ்டர் பெரிய விலை இல்லை. ஆகவே, இன்னும் பலகை வாங்காதவர்கள் ஈஎஸ்பி32 வாங்குங்கள். ஊனோ வாங்கிவிட்டவர்கள் அதையே வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் நல்ல பலகைதான்.

ஜூன் 25, மாலை 6.30

நண்பரின் வண்டியில் இரண்டு பக்கமும் துடிப்பு எண்ணிக்கை சமமாக வருகிறதாம். ஆனாலும் 3 மீட்டரில் ஒரு சாண் இடப்பக்கம் விலகுகிறதாம். "உங்கள் முறை வேலை செய்யவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

முறை வேலை செய்கிறது. துடிப்பு சக்கரத்தின் சுற்றை எண்ணுகிறது, தரையில் போன தூரத்தை எண்ணுவதில்லை. இரண்டு டயரும் ஒரே பருமனாக இருந்தால்தான் இரண்டும் ஒன்று. ஒரு டயர் 65 மி.மீ., மற்றது 65.5 மி.மீ. என்று வையுங்கள். அந்த அரை மில்லிமீட்டரே 3 மீட்டரில் கால் மீட்டர் விலக்கும். வலது டயர் பெரிதாக இருக்க வேண்டும் அல்லது அதன் ரப்பர் சரியாக உட்காராமல் மேடு தட்டியிருக்க வேண்டும். கழற்றி மறுபடி மாட்டிப் பாருங்கள். அப்படியும் விலகினால் நிரலில் வலப்பக்க எண்ணிக்கையை 1.01-ஆல் பெருக்குங்கள், விலகல் குறைவதைப் பார்த்து அந்த எண்ணைக் கூட்டிக் குறையுங்கள்.

ஜூன் 26, காலை 6.50

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். நேர்கோட்டில் மட்டும் சோதித்து இந்த எண்ணைத் தீர்மானித்தால் போதாது. சமையலறைக்குப் போகும் வழியில் திருப்பமும் இருக்கிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் போரன்ஸ்டீன், ஃபெங் என்ற இருவர் 1990களில் ஒரு சோதனை முறை வகுத்தார்கள். வண்டி ஒரு சதுரத்தைச் சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கு வர வேண்டும். அவர்கள் 4 மீட்டர் பக்கம் வைத்தார்கள், நமக்கு 1 மீட்டர் போதும். இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி: சதுரத்தைக் கடிகார முள் திசையிலும் சுற்ற வேண்டும், எதிர்த்திசையிலும் சுற்ற வேண்டும். டயர் பருமனின் பிழை ஒன்று, சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை நாம் தவறாக அளந்த பிழை இன்னொன்று. ஒரு திசையில் சுற்றும்போது இவை ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளக்கூடும், வண்டி அழகாகக் கிளம்பிய புள்ளிக்கே வந்து நிற்கும். எதிர்த்திசையில் விட்டால் இரண்டும் சேர்ந்துகொண்டு தூரமாகத் தள்ளிவிடும். ஒரு திசையில் மட்டும் பார்த்தவர் தன் வண்டி சரி என்று நம்பிக்கொண்டிருப்பார்.

திருப்பத்துக்கான கணக்கு: நின்ற இடத்தில் 90 பாகை திரும்ப, 14 செ.மீ. இடைவெளி உள்ள வண்டியில் ஒவ்வொரு சக்கரமும் 11 செ.மீ. எதிரெதிராக உருள வேண்டும். அதாவது 11 துடிப்பு. இரண்டு பக்கமும் ஒரு துடிப்புத் தவறினால் 8 பாகை போய்விடும். துளை தொடங்குவதையும் முடிவதையும் தனித்தனியாக எண்ணினால் 20 துளை 40 ஆகும், பிழை பாதியாகும். அதுவும் போதாதவர்களுக்கு, மோட்டாரின் பின்தண்டிலேயே காந்த என்கோடர் பொருத்திய சிறிய உலோகப் பல் மோட்டார் கிடைக்கிறது. பல்சக்கரம் வேகத்தைக் குறைப்பதற்கு முன்பே எண்ணுவதால் சக்கரத்தின் ஒரு சுற்றுக்குச் சில நூறு துடிப்பு வரும். விலை கூடுதல். கேமராவுக்கென்று எடுத்துவைத்த பணம் இன்னும் இருக்குமே, அதை இங்கே போடுங்கள்.

ஜூலை 2, இரவு 9.15

இரண்டு திசையிலும் ஐந்தைந்து முறை விடுங்கள். ஒவ்வொரு முறையும் வண்டி நின்ற இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் எவ்வளவு தள்ளிக் குவிந்தாலும் கவலையில்லை, அதை எண்ணால் திருத்திவிடலாம். சிதறிக் கிடந்தால் எங்கோ சக்கரம் சறுக்குகிறது அல்லது திருகு தளர்ந்திருக்கிறது, ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். இரண்டு குவியல்களும் கிளம்பிய இடத்திலிருந்து எந்தப் பக்கம், எத்தனை செ.மீ. என்று இங்கே எழுதுங்கள். பெருக்க வேண்டிய எண்ணைச் சேர்ந்தே கண்டுபிடிப்போம்.